'எலி மருந்து'ன்னா விஷம் மட்டும்தானா?

மளிகைக் கடையில் போய் 'எலி மருந்து குடுங்க அண்ணே'ன்னு கேட்டுப் பாருங்க. அவர் எடுத்துத் தருவது விஷம். நாய் மருந்து என்றால் நாயைக் குணப்படுத்துகிற மருந்து. மாட்டு மருந்து என்றால் மாட்டைக் குணப்படுத்துகிற மருந்து. எலி மருந்து என்றால் மட்டும் எலியைக் கொல்கிற மருந்து. தமிழில் 'மருந்து' என்ற நல்ல வார்த்தை கெட்டுப்போகிற இடம் இது.

ஆனா ஒரு எலிக்கு நிஜமாவே மருந்து தேவைப்பட்டா? வீட்டில் வளர்க்கிற எலிக்கு, மாசக்கணக்கில் வயிறு சரியில்லைன்னா?

சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிட்டு வாங்க, வெயிட் பண்றேன்.

நான் சொல்ல வர்றது இதுதான். மனுஷன் தன் வயிற்றைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பெரிய பங்கு எலி வயிற்றிலிருந்து வந்தது. அதில் ஒரு முக்கியமான பகுதி நம்ம தமிழ்நாட்டு மலையிலேயே நடந்தது. அந்த அறிவில் ஒரு துளியாவது எலிக்குத் திரும்பிப் போகணும். அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம். காது கொடுத்துக் கேட்கிற ஒரு டாக்டரும், தினமும் கவனிக்கிற ஒரு வீடும் போதும்.

குன்னூர் எலிகள்

முதல்ல குன்னூருக்குப் போவோம். அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907-ல் ஆரம்பித்தது. அதன் முதல் வேலை வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து. 1918-ல் அதே வளாகத்தில் ஒரே ஒரு அறையில், பெரிபெரி நோயைப் பற்றி ஒரு ஆய்வு தொடங்கியது. நடத்தியவர் ராபர்ட் மெக்கரிசன் என்கிற டாக்டர்.

அவர் பிறகு செய்த ஒரு சோதனை உலகப் புகழ் பெற்றது. இந்தியாவில் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை, தனித்தனிக் கூட்டமாக வைத்த எலிகளுக்குக் கொடுத்தார். முழு கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. கடைசி இடம் யாருக்கு? மெட்ராஸ் சாப்பாட்டுக்கு! தீட்டிய அரிசிச் சோறு நிறைய, பாலும் காய்கறியும் கொஞ்சம். நம்ம மெஸ் மெனுவை அப்பவே டெஸ்ட் பண்ணிட்டாங்க மக்களே.

விளையாட்டு இருக்கட்டும். சத்தில்லாத சாப்பாடு கொடுத்த எலிகளுக்கு வயிறும் குடலும் கெட்டன, சிலதுக்கு இரைப்பையில் புண்ணே வந்தது. மரவள்ளிக் கிழங்கையே நம்பியிருந்த ஏழைத் திருவிதாங்கூர்ச் சாப்பாட்டில் அந்தப் புண் இன்னும் அதிகம். இன்னொரு பக்கம் நல்ல சாப்பாடு, சுத்தம், வெயில், காற்று எல்லாம் கொடுத்து வளர்த்த ஆயிரம் எலிகள் மாதிரி ஒரு கூட்டம். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தக் கூட்டத்தில் நோயே வரவில்லை என்று அவர் பதிவு செய்தார்.

அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத் போய், 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. இன்றைக்கும் அந்த நிறுவனத்தின் பெயரையே தாங்கிய ஒரு எலி வகை அங்கே உண்டு.

எலி வயிற்றைப் பற்றி நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நூறு வருஷ டேட்டா இருக்கு.

கொடைக்கானல் எலி

இனி பழனி மலைக்கு வருவோம். நான் கொடைக்கானல்காரன். என் தங்கச்சி பத்தாவது படிக்கும்போது மதுரையிலிருந்து ஒரு எலிக்குட்டி வாங்கி வந்தாள். உடம்பு முழுக்க வெள்ளை, நெற்றியிலும் முதுகிலும் கறுப்புப் புள்ளி. அதனால் பேர் மிளகு. பாட்டி மட்டும் கடைசி வரை பேர் சொல்லிக் கூப்பிடலை. 'உன் பிள்ளையாரு வண்டிக்குச் சோறு வெச்சியாடி?' என்பார். (மலைக்குக் கீழே பழனியில் தம்பியோட மயிலுக்கு இருக்கிற மரியாதை, அண்ணன் வாகனத்துக்கு எங்கேயும் கிடையாது.)

ஒரு வயசு தாண்டினதும் மிளகுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. இரண்டு நாள் கழிவே இருக்காது, மூணாவது நாள் தண்ணியாகப் போகும். பிறகு சரியாகிவிடும். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை. 290 கிராம் இருந்தது மூணு வாரத்தில் 255-க்கு வந்தது. மனுஷக் கணக்கில் பாருங்க, 60 கிலோ ஆள் மூணு வாரத்தில் ஏழு கிலோ இறங்கின மாதிரி.

தங்கச்சியும் அப்பாவும் மலையிறங்கிப் போய் ஒரு கிளினிக்கில் காட்டினாங்க. ஊர், பேர் வேண்டாம். அங்கே இருந்தவர் சொன்னது: 'எலிக்கு நாங்க மருந்து வெச்சுக் கொல்றோம், நீங்க மருந்து கேக்குறீங்களே சார்!' நல்ல ஜோக்தான். தங்கச்சி மட்டும் சிரிக்கலை.

கடைசியில் என் நண்பனோட அக்கா, கால்நடை மருத்துவம் முடித்தவங்க, ஃபோனில் முழுசாகக் கேட்டாங்க. 'எலி என்ன கலர்?' என்பதுதான் அவங்க கேட்ட முதல் கேள்வி. எனக்கு அது புரியவே இல்லை. வயித்துவலிக்கும் கலருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கு. கருவில் தோலுக்கு நிறம் தரும் செல்களும், குடலை அசைக்கும் நரம்பு செல்களும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பி நகர்ந்து போகின்றன. இந்தப் பயணத்துக்கு உதவுகிற சில ஜீன்களில் கோளாறு வந்தால், நிறமும் முழுசாகப் போய்ச் சேராது, நரம்பும் குடலின் கடைசி வரை போய்ச் சேராது. அதனால்தான் அங்கங்கே புள்ளி வைத்த வெள்ளை எலிகளில் சிலதுக்குப் பெருங்குடல் தள்ளும் சக்தியில்லாமல் வீங்கிப் போகிறது. இதற்குப் பெயர் மெகாகோலன். சிலதுக்குக் குட்டியிலேயே தெரியும், சிலதுக்கு வளர்ந்த பிறகு. மனிதக் குழந்தைகளில் சுமார் 5,000-க்கு ஒன்று இதே மாதிரிக் குறையோடு பிறக்கிறது. அதை ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்பார்கள். அந்த நோயைப் புரிந்துகொள்ள உதவியதும் இந்த மாதிரி எலிகள்தான்.

மதுரையில் எடுத்த எக்ஸ்ரேயில் அதேதான் தெரிந்தது. குடலில் கழிவு அடைத்து நிற்கிறது, அதன் ஓரமாகத் தண்ணி மட்டும் கசிகிறது. வெளியே பார்க்கிறவங்களுக்கு அது பேதி. உள்ளே இருப்பது மலச்சிக்கல்.

இந்த ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. பேதி என்று நினைத்து, மெடிக்கல் ஷாப்பில் வாங்கின பேதி மாத்திரையைப் பொடித்துக் கொடுத்திருந்தால்? ஏற்கெனவே அசையாத குடலை இன்னும் நிறுத்தியிருக்கும். 'எலிதானே, நாமளே பார்த்துக்கலாம்' என்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

வாந்தி எடுக்க முடியாத ஜீவன்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினவங்களுக்குத் தெரியும். வளைவுகள் ஆரம்பிச்சதும் பாதிப் பேர் ஜன்னல் சீட்டைத் தேடுவாங்க. எலியால் அது முடியாது. எலிக்கு வாந்தியே வராது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடம் அவ்வளவு இறுக்கம். வாந்தியை இயக்குகிற மூளை நரம்பு அமைப்பும் அதுக்குக் கிடையாது. குமட்டினால் மண்ணைத் தின்னும். விஞ்ஞானிகள் எலி எவ்வளவு களிமண் தின்கிறது என்று அளந்துதான், ஒரு மருந்து எவ்வளவு குமட்டலைத் தருகிறது என்று கணக்குப் போடுகிறார்கள்.

அதனால்தான் எலி எந்தப் புதுச் சாப்பாட்டையும் முதலில் துளியூண்டு கடித்துப் பார்த்துவிட்டுக் காத்திருக்கும். உள்ளே போனது வெளியே வராது என்று அதன் உடம்புக்குத் தெரியும். எலி விஷம் வேலை செய்வதற்கும் இது ஒரு காரணம். நாம ஆசையாகக் கொடுக்கிற கண்டதும் வேலையைக் காட்டுவதற்கும் இதேதான் காரணம்.

இன்னும் இரண்டு விஷயம். எலிக்குப் பித்தப்பை கிடையாது. அப்புறம், அது தன் கழிவையே கொஞ்சம் சாப்பிடும். 'ச்சீ' என்று தட்டிவிடாதீங்க. குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியா தயாரித்த பி வைட்டமின்களை அது அப்படித்தான் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்

மிளகு குணமாகாது. இந்த நோய் போகாது, சமாளிக்கத்தான் முடியும். டாக்டர் எழுதிக் கொடுத்த, மலம் இளகுவதற்கான சிரப் அளவு பார்த்துப் போகிறது. மிச்சம் எல்லாம் வீட்டு வேலை. வயிற்றுப் பிரச்சினை உள்ள எந்த எலிக்கும் இது பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

எடை: தினமும் ஒரே நேரத்தில், கிச்சன் தராசில், ஒரு டப்பாவில் உட்காரவைத்து. நோட்டில் எழுதணும். எலி தன் நோயை மறைக்கும். இரையாகிற பிராணிகள் எல்லாமே அப்படித்தான். முகம் சொல்லாததைத் தராசு சொல்லும். பத்து சதவீதம் குறைந்தால் காத்திருக்க வேண்டாம், டாக்டரைப் பிடிங்க.

கழிவு: எத்தனை, என்ன கலர், கெட்டியா தண்ணியா. சங்கடமாக இருந்தாலும் பார்க்கணும். டாக்டர் கேட்கப் போகும் முதல் கேள்விகளில் இது ஒன்று.

தண்ணீரும் தீனியும்: நூறு கிராம் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லி தண்ணீர், 5 கிராம் தீனி. பாட்டிலில் கோடு போட்டு வைத்தால் குறைந்தது தெரியும். முதுகுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டால் உடனே பழைய இடத்துக்குப் போகணும். மெதுவாகப் போனால் உடம்பில் நீர் குறைவு.

பல்: முன்பற்கள் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். தேயாமல் வளைந்தால் சாப்பிட முடியாது. பார்க்கிறவங்க வயிற்றுக் கோளாறு என்று நினைப்பாங்க.

கண், மூக்கு: சிவப்பாகக் கசிந்தால் ரத்தம் என்று பதறாதீங்க. பெரும்பாலும் அது கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பி விடுகிற சிவப்புத் திரவம். ஆனால் அது 'எனக்கு முடியலை' என்று எலி போடுகிற நோட்டீஸ்.

குளிர்: இதைக் கொடைக்கானல்காரங்களுக்குத் தனியாகச் சொல்றேன். ஆய்வகங்களில் எலிக்கு 20 முதல் 26 டிகிரி வைப்பார்கள். எங்க ஊர் மார்கழி ராத்திரியில் பத்துக்குக் கீழே போகும். மெலிந்த எலி, சாப்பிட்டதை எல்லாம் சூட்டுக்கே செலவு பண்ணிவிடும். துணி சுற்றின வெந்நீர்ப் பாட்டிலை கூண்டின் ஒரு மூலையில் மட்டும் வைக்கணும். வேண்டும்போது வரட்டும், வேண்டாதபோது நகரட்டும்.

சாப்பாடு: மாற்றம் செய்தால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. மிக்சர், சாக்லேட், சோடா எதுவும் வேண்டாம். பழனி போய்ட்டு வந்த சொந்தக்காரங்க பஞ்சாமிர்தத்தை விரலில் தொட்டு நீட்டுவாங்க. பிரசாதம் நமக்கு. எலிக்கு அது வெறும் சர்க்கரை.

கை: தொட்டதும் சோப்பு போட்டுக் கழுவணும். சால்மோனெல்லா மாதிரியான கிருமியும், சில வகை நாடாப்புழுவும் எலியிடமிருந்து நமக்கு வரலாம். வீட்டு எலி, காட்டு எலி பக்கமே போகாமல் பார்த்துக்கணும்.

மினி ப்ராஜெக்ட் டைட்டில் தேடுற ஜூனியர்ஸ் கவனத்துக்கு: கூண்டில் தூங்குகிற பலகைக்குக் கீழே ஒரு லோடு செல், பக்கத்தில் ஒரு டெம்பரேச்சர் சென்சார், எடை இறங்கினால் மெசேஜ். ஸ்மார்ட் டஸ்ட்பின்னை மூணாவது வருஷமும் செய்வதற்கு இது மேல்.

மூன்று கேள்விகள்

ஒன்று. 'நூத்தம்பது ரூபாய் எலிக்கு ரெண்டாயிரம் ரூபாய் வைத்தியமா? வேற வாங்கிக்கலாமே?' ஹாஸ்டலில் எல்லாரும் கேட்டது இதுதான். விலை என்பது கடைக்காரன் விற்றபோது போட்டது. ஒன்றரை வருஷம் தினமும் ராத்திரி தங்கச்சி சட்டைக்கையில் புகுந்து தூங்கினதுக்கு எம்.ஆர்.பி. கிடையாது. சட்டமும் விலை பார்க்கவில்லை. 1960-ம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 'விலங்கு' என்றால் மனிதனைத் தவிர்த்த எந்த உயிரும்தான். எலி தவிர என்று அதில் இல்லை.

இரண்டு. 'எலி நோய் பரப்பும், வயலை அழிக்கும்.' உண்மைதான். எங்க மலையில் பீன்ஸும் கேரட்டும் பூண்டும் போடுகிற விவசாயியிடம் போய் எலியைக் கொஞ்சச் சொன்னால் மண்வெட்டியோடு வருவார், வரணும். நான் பேசுவது கூண்டுக்குள் நாமே கொண்டுவந்து வைத்த எலியைப் பற்றி. அதைக் கூப்பிட்டது நாம.

மூன்று. இதுதான் கஷ்டமான கேள்வி. 'மலையில் மனுஷனுக்கே பெரிய வைத்தியம்னா கீழ ஓட வேண்டியிருக்கு, எலிக்கா?' இதை அப்பாவே கேட்டார். நியாயமான கேள்வி. உள் கிராமங்களில் இருந்து பிரசவத்துக்கு வண்டி பிடிக்கிற கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் நான் கேட்பது மனுஷ ஆஸ்பத்திரிப் பணத்திலிருந்து எடுத்து அல்ல. ஏற்கெனவே இருக்கிற கால்நடை மருத்துவம், ஏற்கெனவே இருக்கிற அறிவு, அதில் ஒரு ஃபோன் கால். மாட்டுக்கும் ஆட்டுக்கும் முன்னுரிமை இருக்கட்டும், அது குடும்பத்தோட சோறு. வரிசையில் கடைசியில் நிற்கத் தயார். வரிசையிலேயே சேர்க்க மாட்டேன் என்பதுதான் பிரச்சினை.

கேட்பது இவ்வளவுதான்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-ல் தொடங்கியது. அதன் அடிப்படையான சென்னைக் கல்லூரி 1903-லிருந்தே இருக்கிறது. 2020-ல் தேனியிலும் உடுமலைப்பேட்டையிலும் புதுக் கல்லூரிகள் வந்தன. மேப்பைத் திறந்து பாருங்க, பழனி மலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மாசத்துக்கு ஒரு நாள், எலி, முயல், கினிப் பன்றிக்கு என்று இரண்டு மணி நேரம் வீடியோ ஆலோசனை வைத்தால் என்ன? கொடைக்கானலில் இருந்து மலையிறங்கி ஏற ஒரு முழு நாள் போகிறது. வயிறு உப்பின எலிக்கு அந்தப் பயணமே பாதி உயிர்.

ஆய்வகத்தில் சோதனைக்காக எலி வளர்க்கணும்னா மத்திய அரசுக் குழுவில் பதிவு செய்யணும். அங்கே எலிகளுக்குக் கால்நடை மருத்துவரின் கவனிப்பு கட்டாயம் வேணும் என்பது அதன் வழிகாட்டுதல். நல்ல விதி. அறுத்துப் பார்க்கப் போகிற எலிக்கு டாக்டர் உண்டு, வளர்க்கிற எலிக்கு இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

டாக்டர் வேண்டும் என்பது பிழைக்கவைக்க மட்டும் இல்லை. எலி வாழ்வதே இரண்டு, மூன்று வருஷம். மிளகுக்கு ஒரு நாள் சிரப்பும் கேட்காது. அன்றைக்கு வலியில்லாமல் அனுப்பிவைக்கவும் ஒரு டாக்டர்தான் வேண்டும். டாக்டர் இல்லாத ஊரில் அந்த வேலை இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடப்பதாகவோ, ஒரு வாளித் தண்ணியாகவோ முடிகிறது. தங்கச்சி அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். மிளகும் அதை அனுபவிக்கக் கூடாது.

கடைசியாக, நமக்கு. ரீல்ஸில் பார்த்துவிட்டு எலி, ஹாம்ஸ்டர் வாங்கப் போகிறவங்க கடையில் கலரைப் பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் போடுங்க. 'டாக்டர், நீங்க எலி பார்ப்பீங்களா?' 'பார்ப்பேன்' என்று ஒருத்தர் சொன்னால் வாங்குங்க. யாரும் சொல்லலைன்னா வாங்காதீங்க. ஆனா கேட்பதை நிறுத்தாதீங்க. பத்து பேர் கேட்டால் ஜோக். நூறு பேர் கேட்டால் அந்த டாக்டர் அன்றைக்கு ராத்திரி புத்தகத்தைத் திறப்பார். எலிக்கான பாடம் அதில் ஏற்கெனவே இருக்கு.